அசைவிலிருந்து ஒலிக்கு: உடல்வழி இசையமைப்பில் விதியின் இடம்

1965 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் ‘வேரியேஷன்ஸ் ஃபைவ்’ படைப்பை அரங்கேற்றினர். மேடையில் மின்னணு இசைக்கருவி வடிவமைப்பாளர் ராபர்ட் மூக் செய்த ஆண்டெனாக் கம்பங்கள் நின்றன. ஆடுபவர் அவற்றை நெருங்கினாலோ, ஒளிமின்கலத்தின் மேல் விழும் வெளிச்சத்தை மறித்தாலோ மின்சமிக்ஞை கிளம்பும். ஆனால் அது எழுப்பிய ஒலி அரங்கை எட்டுமா, எவ்வளவு உரக்க எட்டும் என்பதை மிக்சரின் முன் அமர்ந்திருந்த இசைஞர்களே முடிவு செய்தார்கள். ஆடலே இசையைப் படைத்தது என்று இதைப் புகழ்வது பாதி உண்மைதான்.

உடலசைவால் இயங்கும் இசையில், எந்த அசைவுக்கு எந்த ஒலி என்ற விதியை வகுப்பதே இசையமைப்பின் மையப் பணி. அவ்விதி அசைவின் எந்தப் பண்பைக் கணக்கில் கொள்கிறது என்பதைப் பொறுத்தே படைப்பின் தரம் அமைகிறது.

கண்டுபிடிப்பாளர் லெவ் தெர்மெனின் ‘டெர்ப்சிடோன்’ என்ற கருவியில் மேடையின் அடியில் உலோகத் தகடு இருந்தது. மேலே நிற்பவரின் உடல் எழுந்து தாழ்வதற்கேற்பச் சுருதி மாறும். விதி எளியது, ஆடுவதுதான் கடினம். தோள் சற்றே நகர்ந்தாலும் சுருதி பிசகும். 1932இல் கார்னகி அரங்கில் அதை இயக்கிக் காட்டிய கிளாரா ராக்மோர் வயலின் பயின்றவர். காலைவிடக் காதின் பயிற்சியே அங்கு முதன்மையாக வேண்டியிருந்தது.

உணரிகள் நுட்பமானால் சிக்கல் தீருமே என்று வாதிடலாம். கனடியக் கலைஞர் டேவிட் ரோக்பியின் அனுபவம் அதை மறுக்கிறது. அவருடைய ‘வெரி நெர்வஸ் சிஸ்டம்’ கேமராவால் அசைவைக் கண்டு ஒலியெழுப்பும். வந்தவர் ஒருவர் சோதித்துப் பார்க்கும் தயக்கத்தோடு கையசைத்தார், ஒலி வந்தது. நம்பிக்கை பிறந்ததும் அதே சைகையைக் கட்டளையிடுவதுபோல் செய்தார், ஒலி வேறாயிற்று. கருவி பழுது என்றே அவருக்குத் தோன்றியது. உண்மையில் கருவி கையின் வடிவத்தைப் பார்க்கவில்லை. அசைவின் வேகத்தையும் விசையையும் பார்த்தது. அவர் உணராமலே மாறிய மனநிலையை அது பிடித்துவிட்டது. ‘வேரியேஷன்ஸ் ஃபைவ்’ ஆடுபவர் இருக்குமிடத்தை அறிந்தது. ரோக்பியின் விதி அவர் நகரும் விதத்தை அறிந்தது. இரண்டாவதே இசைக்கு நெருக்கமானது.

விதி நிலைத்திருக்கவும் வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் நிறுவனத்தில் மிஷெல் வைஸ்விஸ் 1984இல் ‘தி ஹேண்ட்ஸ்’ கருவியை உருவாக்கினார். கைகளில் கட்டிக்கொள்ளும் சட்டங்களில் விரல்பொத்தான்கள் இருந்தன. இரு கைகளுக்கும் இடையிலான தூரத்தை மீயொலி அளந்தது. கருவியை மாற்றிக்கொண்டே இருந்தால் வாசிப்பு கைவராது என்று கண்டு, அவர் அதன் வடிவத்தை நிறுத்திவைத்துப் பயிற்சியில் இறங்கினார்.

விதியை வகுக்க வேறு வழியும் உண்டு. ரெபெக்கா ஃபீப்ரிங்க் 2009இல் வெளியிட்ட ‘வெக்கினேட்டர்’ மென்பொருளில் கலைஞர் விதியை எழுதுவதில்லை. அசைவையும் அதற்குரிய ஒலியையும் செய்துகாட்டுகிறார், கணினி தொடர்பைக் கற்கிறது. எந்தெந்த எடுத்துக்காட்டுகளைக் காட்டுவது என்ற தேர்வே அங்கு இசையமைப்பாகிறது. ஆகவே ஆவணக் காப்பகங்கள் காணொளியையும் ஒலிப்பதிவையும் மட்டும் சேர்த்தால் போதாது. விதியையும், அதைக் கணினிக்குக் கற்பித்த எடுத்துக்காட்டுகளையும் இழந்தால், வேறொருவர் அப்படைப்பை மறுபடி நிகழ்த்துவது மிக அரிதாகிவிடும்.