வீட்டு இணைய மோடமும் ரவுட்டரும்: சாலவாக்கம் வட்டாரம்

வீட்டுக்குள் வரும் செம்புக் கம்பியிலோ கண்ணாடி இழையிலோ உள்ள சமிக்ஞையைக் கணினிக்கு ஏற்ற தரவாக மாற்றித் தருவது மோடம். அந்த ஒரே இணைப்பைக் கைப்பேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி ஆகிய எல்லாவற்றுக்கும் பங்கிட்டுத் தருவது ரவுட்டர். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்த சாலவாக்கம் போன்ற ஊர்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் அடங்கி, இணைப்பு கொடுக்க வருபவர் கையோடு வந்துவிடுகின்றன. எந்தப் பெட்டி என்று வீட்டுக்காரரை யாரும் கேட்பதில்லை. இந்த வழக்கம் தொலைபேசித் துறையின் காலத்திலிருந்தே தொடர்கிறது.

தொலைபேசிக் கம்பிக் காலம்

தொலைபேசிக் கம்பி வழியே கணினித் தரவை அனுப்பும் மோடத்தை அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1962இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெல் 103 என்ற அந்தக் கருவியின் வேகம் நொடிக்கு 300 பிட். இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் வழியாக. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மட்டும் முனையம் இருந்ததால், கிராமத்திலிருந்து இணைய வேண்டுமானால் நகரத்துக்கு எஸ்டிடி (வெளியூர்) அழைப்புதான் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. 1998இல் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தபோது முதலில் களமிறங்கிய சத்யம் இன்ஃபோவே (பின்னாளில் சிஃபி) சென்னை நிறுவனமே. ஆனாலும் அதனால் பயன்பெற்றவை நகரங்கள்தாம்.

கிராமத்துக்குத் தொலைபேசியே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் அமைப்பு, 128 இணைப்புகள் கொண்ட சிறிய ஊரக எக்ஸ்சேஞ்ச் ஒன்றை உருவாக்கியது. குளிர்சாதன அறை வேண்டாம். வெயிலும் தூசியும் தாங்கும். கர்நாடகத்தின் கித்தூரில் 1986இல் முதலில் நிறுவப்பட்ட இந்த வகைப் பெட்டிதான் இந்தியச் சிற்றூர்களுக்கு மணியோசையைக் கொண்டுவந்தது. இன்றைய வீட்டு இணையத்தின் அடித்தளத்தை அங்கிருந்து கணக்கிடுவதே பொருத்தம்.

இதன் அடுத்த படி சென்னையில் நிகழ்ந்தது. சென்னை ஐஐடியின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு, மைடாஸ் கம்யூனிகேஷன் நிறுவனத்துடன் சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை வடிவமைத்தது. ஓர் இணைப்புக்கு ஆகும் செலவை 10,000 ரூபாய்க்குக் குறைத்தால்தான் இந்தியச் சாமானியருக்குத் தொலைபேசியும் இணையமும் எட்டும் என்பது ஜுன்ஜுன்வாலாவின் கணக்கு. கோபுரத்திலிருந்து நேர்ப்பார்வையில் 10 கிலோமீட்டர் வரை சென்ற கார்டெக்ட், பேச்சோடு நொடிக்கு 35 கிலோபிட் தரவையும், பேச்சில்லாத நேரத்தில் 70 கிலோபிட்டையும் தந்தது. வீட்டுச் சுவரில் மாட்டிய சிறு பெட்டியிலேயே தொலைபேசிக்கு ஒரு துளை, கணினிக்கு ஒரு துளை. மோடம் தனியாக வேண்டியதில்லை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001இல் தொடங்கிய சாரி திட்டம் கார்டெக்டை நம்பித்தான் கிராம இணைய மையங்களை நடத்தியது. நெல்லிக்குப்பத்தில் ஈஐடி பாரி நிறுவனம் கரும்பு விவசாயிகளுக்காக இதையே பயன்படுத்தியது. கைப்பேசி அலையில் கார்டெக்ட் கரைந்துபோனாலும், கிராமத்து வீட்டை மனத்தில் வைத்து இந்தியாவில் வடிவமைத்த இணையக் கருவி என்ற பெருமை அதற்கே உரியது. பாடநூல்களில் அதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

வீடுகளுக்கு அகலப்பாட்டை வந்தது பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் மூலம், 2005 ஜனவரியில். நொடிக்கு 256 கிலோபிட் என்பதே அன்றைய அரசு வரையறைப்படி அகலப்பாட்டை. (இந்த வரையறை 2023இல்தான் 2 மெகாபிட்டாக உயர்ந்தது.) டேட்டாஒன்னின் ஏடிஎஸ்எல் மோடம் பழைய தொலைபேசிக் கம்பியையே பயன்படுத்தியது. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. தரவு அதற்கு மேலே. இரண்டையும் பிரிக்க ஸ்ப்ளிட்டர் என்ற சிறு டப்பா. அதைப் பொருத்த மறந்தால் பேச்சில் இரைச்சல் கேட்கும், இணையமும் அடிக்கடி அறுந்துபோகும். யூடிஸ்டார்காமின் 300ஆர்2யூ, ஹுவாவேயின் எம்டி882 ஆகிய மோடங்களைத் தமிழ்நாட்டின் பல வீடுகள் பார்த்திருக்கின்றன. இவற்றில் வைஃபை கிடையாது. 192.168.1.1 என்று தட்டி உள்ளே நுழைந்து அமைப்பை மாற்றக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. ஹோம் 500 திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவின்றி இறக்கிக்கொள்ளலாம் என்பதால் அலாரம் வைத்து எழுந்தவர்களும் உண்டு.

ஏடிஎஸ்எல்லின் பெரிய குறை தூரம். எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் ஏடிஎஸ்எல்2+ முறை நொடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேல் தரும். 5 கிலோமீட்டர் தாண்டினால் இணைப்பு நிற்பதே அரிது. ஊர் விட்டு ஊர் கம்பி ஓடும் வட்டாரங்களில் எத்தனை விலை உயர்ந்த மோடம் வாங்கினாலும் இந்தக் குறை தீராது. ஐப்பசி இடிமழையில் செம்புக் கம்பி வழியே மின்னல் பாய்ந்து மோடம் கருகுவதும் வழக்கம்.

கண்ணாடி இழை

இன்றைய கிராம இணைப்புகளின் முதுகெலும்பு கண்ணாடி இழை. ஜிபான் என்ற முறையில் ஒரே இழை பல வீடுகளுக்குப் பிரிந்து செல்கிறது. கீழிறங்கும் வேகம் நொடிக்கு 2.5 ஜிகாபிட், மேலேறுவது 1.25 ஜிகாபிட், எட்டும் தூரம் 20 கிலோமீட்டர். உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் பலர் செலவு குறைந்த ஈபான் முறையை வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கான பெட்டி மற்றொன்றில் வேலை செய்யாது என்பதால், கடையில் பெட்டி வாங்குமுன் ஆபரேட்டரிடம் எந்த முறை என்று கேட்பது கட்டாயம். இரண்டிலும் இயங்கும் எக்ஸ்பான் வகையைச் சைரோடெக், நெட்லிங்க் போன்ற பெயர்களில் பார்க்கலாம்.

கண்ணாடி இழைக்கான இந்தப் பெட்டிக்குப் பெயர் ஓஎன்டி. அதில் பான் விளக்கு பச்சையாக நிலைத்திருந்தால் இழை நலம். லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே எங்கோ அறுந்திருக்கிறது அல்லது இழை மடங்கியிருக்கிறது. ஜிபானில் பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவு பொதுவாக மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் இடையே இருக்க வேண்டும். மைனஸ் 27ஐ ஒட்டிய வீட்டில் மழை வந்தால் இணைப்பு தடுமாறும். அங்கே ரவுட்டர் மாற்றுவது வீண் செலவு. லைன் பார்க்க வருபவரின் பவர் மீட்டரில் காட்டும் எண்ணைக் கேட்டுக் குறித்துவைப்பது நல்ல பழக்கம்.

தேர்வு

ஓஎன்டியையும் ரவுட்டரையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதே சிறந்தது. ஆபரேட்டர் தரும் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு (சமிக்ஞையை மட்டும் மாற்றி, பங்கிடும் வேலையை ரவுட்டரிடம் விடும் முறை) மாற்றச் சொல்லி, இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, சொந்த ரவுட்டரில் போட்டுக்கொள்ளலாம். நாளை நிறுவனம் மாறினாலும் ரவுட்டர் நம்மிடமே இருக்கும். வைஃபை பெயரும் சாதன அமைப்புகளும் மாறாது.

ரவுட்டரில் முதலில் பார்க்க வேண்டியது லேன் துளையின் வேகம். மலிவான பல ரவுட்டர்களில் அது 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். 150 மெகாபிட் திட்டம் எடுத்தவருக்கு மூன்றில் ஒரு பங்குக் காசு நட்டம் போலத்தான். அடுத்தது இரட்டை அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு செங்கல் சுவருக்கு அப்பால் துவண்டுவிடும். நகர அடுக்குமாடியில் 2.4இன் மூன்று தனித்த சேனல்களான 1, 6, 11 எல்லாவற்றிலும் அண்டை வீட்டார் நிறைந்திருப்பார்கள். சாலவாக்கம் போன்ற, வீடுகள் விலகி நிற்கும் ஊரில் அந்த நெரிசல் குறைவு. ஆகவே பெரிய விலை கொடுத்து வைஃபை 7 ரவுட்டர் வாங்க இங்கே தேவையில்லை. நல்ல வைஃபை 5 அல்லது 6 ரவுட்டர் போதும்.

பெட்டி வைக்கும் இடம் விலையைவிட முக்கியம். தொலைக்காட்சிக்குப் பின்னாலும் இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலும் ரவுட்டரை ஒளித்துவைத்துவிட்டு வேகமில்லை என்று வருந்துவது பொதுவான தவறு. வீட்டின் நடுக்கூடத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். மாடியறைக்கோ தோட்டத்து அறைக்கோ எட்டவில்லையெனில் ரிப்பீட்டரை விட லேன் கம்பி இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைப்பது மேல். ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டர் வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். லேன் கம்பி 100 மீட்டர் வரை போகும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பியைத் தவிர்க்க வேண்டும்.

மின்தடை உள்ள ஊர்களில் 12 வோல்ட் ரவுட்டர் யூபிஎஸ் அவசியச் செலவு. ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து இரண்டு வெளியீடு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கண்ணாடி மின்னலைக் கடத்தாது. ஆனால் சில இழைகளோடு வரும் தாங்குகம்பி இரும்பாலானது, அதை வீட்டுக்கு வெளியிலேயே முடித்துவிட வேண்டும். சாலையின் குறுக்கே இழுக்கும் இழையை உயரமாகக் கட்டச் சொல்ல வேண்டும். சாலவாக்கத்தைச் சுற்றிக் கல்குவாரிகள் உண்டு, பாரம் ஏற்றிய லாரிகள் ஓயாது போகும்.

தற்போதைய நிலை

மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்க, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018இல் அமைக்கப்பட்டது. 2023 முதல் ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜி வழியே ஏர்ஃபைபர் தருகின்றன. கோபுரம் நேரே தெரியும் வீட்டுக்கு அது உதவும், மற்றவர்களுக்கு இழையே தகுந்தது.