காப்ரேக்கர் மாறிலியும் மாணவர் ஆய்வும்

ஆய்வுப் பயிற்சிக்குரிய கணக்கை, கழித்தல் மட்டுமே தெரிந்த மாணவரும் தொடங்க முடிய வேண்டும். விடை கிடைத்த பின்னும் அதில் கேள்விகள் எஞ்சியிருக்க வேண்டும். நாசிக் அருகே தேவலாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேக்கர் (1905–1986) கண்டறிந்து, 1949இல் சென்னைக் கணித மாநாட்டில் அறிவித்த 6174 என்னும் எண் இவ்வகையில் மிகச் சிறந்தது.

எல்லா இலக்கங்களும் ஒன்றாக இராத நான்கிலக்க எண் ஒன்றின் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழிக்க வேண்டும். கிடைத்த எண்ணுக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். 3524இல் தொடங்கினால் 5432 − 2345 = 3087; 8730 − 0378 = 8352; 8532 − 2358 = 6174. அதன்பின் எண் மாறுவதில்லை. எதில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். இதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கணக்கின் பயன் போய்விடும். ஒவ்வொருவரும் தாம் விரும்பிய எண்ணில் தொடங்கி, படிகளைக் குறித்துவைத்து, பிறருடைய குறிப்புகளோடு ஒப்பிட்டு ஊகத்தை அடைவதே முறை.

ஒப்பிடும்போது முரண்பாடும் எழும். 2111 − 1112 = 999. இதை 0999 என்று கொண்டவருக்கு 9990 − 0999 = 8991 என்று கணக்கு நீளும்; 999 என்றே கொண்டவருக்குச் சுழியம் வந்து நின்றுவிடும். இருவர் கழித்தலிலும் பிழையில்லை. விதிதான் தெளிவாக வகுக்கப்படவில்லை. வரையறை ஏன் தேவை என்பதை இதைவிட நன்றாக எந்த விளக்கவுரையும் உணர்த்தாது.

நிரூபணத்தை மூன்றிலக்க எண்களில் தொடங்குவது நல்லது. அங்கே கழித்து வருவது, மிகப் பெரிய இலக்கத்துக்கும் மிகச் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டின் 99 மடங்கு. ஆகவே 99, 198 முதல் 891 வரை ஒன்பது எண்களே வர முடியும். அவை அனைத்தும் 495இல் முடிவதை ஒரே பக்கத்தில் காட்டிவிடலாம். நான்கிலக்கத்தில் ஓரங்களின் வேறுபாட்டை 999ஆலும், நடு இலக்கங்களின் வேறுபாட்டை 90ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான எண்களைச் சோதிக்கும் வேலை 54 நேர்வுகளாகச் சுருங்கிவிடுகிறது.

ஐந்திலக்கத்திலும் இத்தகைய எண் இருக்கும் என்று மாணவர் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அப்படி ஒன்று இல்லை. 53955இலிருந்து 59994 வருகிறது. 59994இலிருந்து மீண்டும் 53955. ஊகம் பொய்த்ததும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டிய முடிவே. பல முறை சரியாக வந்தது நிரூபணமாகாது என்பதற்கு ஆய்லரின் கோவை நல்ல துணை: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41ஐயும் கூட்டினால், 0 முதல் 39 வரை பகா எண்களே கிடைக்கும், 40இல் கிடைப்பது 1681, அதாவது 41இன் வர்க்கம்.

இத்தகைய பணியை மதிப்பிடும் ஆசிரியர் இறுதி விடைக்கு மட்டும் மதிப்பெண் இட்டால், மாணவர் கைவிட்ட முயற்சிகளை அழித்துவிட்டுத் திருத்தமான படியையே தருவார். தேதியிட்ட குறிப்பேடு, ஊகத்தையும் நிரூபித்ததையும் பிரித்து எழுதும் பழக்கம், மாணவர் தாமாக எழுப்பிய கேள்வி ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.