நோய்க்காலச் சட்டமும் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கும்

இலங்கையில் கெஹெல்கமு ஓயாவின் கரையோரமாக விரிந்துள்ள பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களில் கொள்ளைநோய்க்காலச் சட்டம் என்பது தொடக்கம் முதலே உடலைக் காக்கும் சட்டமாக, அதாவது தொழிலாளரை வேலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் ஏற்பாடாக இருந்ததேயன்றி, வருமானத்தைக் காக்கும் சட்டமாக இருக்கவில்லை. 1872, 1880 ஆம் ஆண்டுகளின் மருத்துவக் கட்டளைச் சட்டங்கள், அதாவது குடியேற்ற அரசு இயற்றிய சட்டங்கள், தோட்ட மாவட்டங்களுக்கு வைத்திய வசதி செய்ய முனைந்தன; 1897 இன் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் மனிதரையும் இடங்களையும் அடைத்துவைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது; அடைபட்ட குடும்பம் எதை உண்ணும் என்ற கேள்வியை அது எழுப்பவே இல்லை.

2020 இல் கொரோனா பரவியபோதும் அரசு கையிலெடுத்தது இதே 1897 சட்டத்தையே. மார்ச் 2 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டு, புதிய பாராளுமன்றம் ஓகஸ்ட் 20 இல் கூடும்வரை சட்டமியற்றும் அவை இயங்காததால், அமெரிக்கா மார்ச் 27 இலேயே விரிவான நிவாரணச் சட்டமொன்றை நிறைவேற்றியிருக்க, இலங்கையின் 5,000 ரூபாய்க் கொடுப்பனவு நிர்வாக உத்தரவாகவே சமுர்த்தி என்னும் அரச நலத்திட்ட அமைப்பின் வழியே வழங்கப்பட்டது. இந்த வேறுபாடு சிறியதன்று: சட்டம் தருவது கேட்டுப் பெறக்கூடிய உரிமை, உத்தரவு தருவதோ பட்டியலில் பெயர் இருந்தால் மட்டுமே கிட்டும் உதவி. ஊரடங்கிலும் கொழுந்து பறித்த தோட்டத் தொழிலாளர், சம்பளம் பெறுவோர் எனக் கருதப்பட்டு அந்தப் பட்டியலில் விடுபட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன.

அவர்களுக்குச் சட்டபூர்வமாகக் கிடைத்தது, 1941 இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,000 ரூபாய் நாட்சம்பளம். அதையும் எதிர்த்துத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன.