பர் (பல் மருத்துவம்)

பர் என்பது பல்லைக் குடையவும் தேய்க்கவும் மெருகேற்றவும் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறிய சுழல்முனைக் கருவியாகும். அதிவேகக் கைக்கருவியில் பொருந்தும் பரின் தண்டு 1.6 மி.மீ. விட்டமுடையது, குறைவேகக் கைக்கருவிக்குரியது 2.35 மி.மீ. விட்டமுடையது.

தேர்வு

எனாமலையும் பீங்கானையும் தேய்க்க வைரத்துகள் பதித்த பர்களும், உலோகத்தையும் பழைய அடைப்புகளையும் வெட்ட டங்ஸ்டன் கார்பைடு பர்களும் ஏற்றவை. வைரப் பரின் கரடுத்தன்மையைத் தண்டிலுள்ள நிற வளையம் காட்டும்: பச்சை கரடு, நீலம் நடுத்தரம், சிவப்பு நுண்மை, மஞ்சள் மிக நுண்மை. கரடில் தொடங்கி நுண்மையில் முடிப்பது வழக்கம்.

வெப்பம்

மழுங்கிய பர் வெட்டாமல் உரசி வெப்பத்தை உண்டாக்கும். ரீசஸ் குரங்குகளில் சாக், கோகன் ஆகியோர் நடத்தி 1965இல் வெளியிட்ட ஆய்வில், பல்லின் உள்ளிருக்கும் உயிர்த்திசுவான பற்கூழின் வெப்பநிலை ஏறத்தாழ 5.5 பாகை செல்சியஸ் உயர்ந்தபோது 15% பற்கூழ்கள் மீளவில்லை. எனவே நீர்த்தெளிப்பும், மழுங்கிய பரை உடனே மாற்றுதலும் இன்றியமையாதவை.