மணிக்கட்டுக்கு எட்டாத தனிமை: கல்வராயன் மலையை முன்வைத்து

முதியோரின் தனிமையைக் கண்டறிவதாகச் சொல்லும் உடலணி கருவிகள் தனிமையை நேராக அளப்பதில்லை. நடை, தூக்கம், நாடித்துடிப்பு, பேச்சு நேரம், கைப்பேசி அழைப்பு ஆகியவற்றைத் திரட்டி, 1978இல் டேனியல் ரசல் குழுவினர் வகுத்த யுசிஎல்ஏ தனிமை அளவுகோல் போன்ற கேள்வித்தாளில் அணிபவர் என்ன மதிப்பெண் பெறுவார் என்று ஊகிக்கின்றன. குறைவாக நடமாடி, குறைவாகப் பேசுபவர் தனிமையில் வாடுகிறார் என்பதே இந்த ஊகத்தின் அடிப்படை. கல்வராயன் மலையில் அது எடுபடாது என்பது என் வாதம்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் இருக்கிறது இம்மலை. மலையாளிப் பழங்குடியினரின் சாமையும் மரவள்ளியும் ஆண்டு முழுக்கச் சோறு போடுவதில்லை. இளவயதினர் மிளகு, காபித் தோட்ட வேலைக்குக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகிறார்கள்; பிள்ளைகள் பாட்டியிடம் இருக்கும். விடிந்ததும் அடுப்பு, பிறகு தண்ணீர், விறகு, ஆட்டுக்குத் தழை என்று மேடும் பள்ளமுமாக அலைகிறார் அந்தப் பாட்டி. பேச்சுக்கும் பஞ்சமில்லை, பாதி பேரனை அதட்டுவதுதான் என்றாலும். கருவியின் கணக்கில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. மகன் வராத ஏக்கம் எந்த உணரியிலும் பதியாது. காட்டுப்பன்றிக்காக இரவில் கொல்லைக்காவல் இருக்கும் கிழவரோ தூக்கமில்லை, பேச்சில்லை, ஆளில்லை என்று அபாயப் பட்டியலில் ஏறிவிடுவார்.

ஆகவே ஒருவரின் பதிவை நகரத்துச் சராசரியோடு ஒப்பிடக் கூடாது. சென்ற ஆண்டு இதே பருவத்தில் அவரே எப்படி இருந்தார் என்பதோடு ஒப்பிட வேண்டும். அதற்கு ஓராண்டுப் பதிவாவது தேவை. சிக்னல் இல்லாத ஊர்களில் தரவு கருவியிலேயே தங்கவும் வேண்டும். பச்சை ஒளியால் நாடி பார்க்கும் உணரி கருத்த தோலிலும், களைக்கொத்து பிடித்து அசையும் கையிலும் தடுமாறக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

ஒலிவாங்கி வேண்டவே வேண்டாம். சொற்களை விட்டுவிட்டுக் குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பதியும் வழி இருக்கிறது; எம்ஐடியில் அலெக்ஸ் பென்ட்லாண்ட் குழுவினர் கழுத்தில் தொங்கவிடும் அத்தகைய அட்டைகளைச் செய்து காட்டினர். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் போலீஸ் சோதனைகளைக் கண்ட மலை இது. ஒட்டுக்கேட்கும் என்று சந்தேகப்பட்டாலே கருவியைக் கழற்றி எறிந்துவிடுவார்கள், அது நியாயமும்கூட. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் ஒப்புதலைப் படிவத்தில் வைத்த கைநாட்டோடு முடித்துவிட முடியாது.

கடினமான கேள்வி, அறிவிப்பு யாருக்குப் போவது என்பதுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறார். தனிமைக்கு அவர் பையில் எதுவும் இல்லை. எனவே கருவி முதலில் முதியவரிடமே, அவர் பேச்சுவழக்கில், “யாரையாச்சும் பாக்கணும்னு இருக்கா?” என்று கேட்கட்டும். அவர் பொத்தானை அமுக்கினால் மட்டும், அவரே காட்டிய ஆளுக்குச் செய்தி போகட்டும். அந்த ஆள் யாரென்று முடிவாகாத வீட்டில் கருவியைக் கட்டக் கூடாது.