நெஞ்சுப் படமும் கடவுச்சீட்டும்

1984 ஆம் ஆண்டென்று நினைவு. என் பெரியும்மாவின் மகன், எங்களுக்கெல்லாம் காக்கா, சவூதிக்குப் போவதற்காகக் கொழும்பில் மெடிக்கல் எடுத்துவிட்டு ஊர் திரும்பினார். பெரியும்மாவின் காப்பு ஏற்கெனவே ஈட்டுக்குப் போயிருந்தது. ஏஜென்சிக்காரருக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. காக்கா மண்ணிற உறையொன்றிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"உம்மா, என்ட நெஞ்சில நிழல் ஒண்டு கிடக்காம்."

நகக்கண் அளவு நிழல். பன்னிரண்டு வயதில் அவருக்குக் கசம் வந்து, ஒன்றரை வருடம் மருந்தெடுத்துச் சுகமானது ஊரறிந்த விடயம். அதன் தழும்புதான் அது. சளியில் கிருமி இருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. 'தகுதியற்றவர்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பயணியின் நெஞ்சை அரசுகள் எப்போதிலிருந்து பார்க்கத் தொடங்கின என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

அதற்கு முன் அவை நாட்களையே எண்ணின. 1865 இல் ஹஜ் காலத்தில் பரவிய கொலரா ஐரோப்பாவரை போனதும், மறு வருடமே கொன்ஸ்தாந்திநோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. செங்கடலின் கமரான் தீவில் உதுமானிய அரசு அமைத்த தடுப்பு நிலையம் 1882 இல் இயங்கத் தொடங்கியது. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்த ஹாஜிகள் அங்கு இறக்கப்பட்டு, உடுதுணிகள் நீராவியில் அவிக்கப்பட்டு, நாட்கணக்கில் வைக்கப்பட்டார்கள். அதற்கான கட்டணமும் அவர்களிடமிருந்தே அறவிடப்பட்டது! நமக்கு மிகக் கிட்டிய உதாரணம் மண்டபம் முகாம். தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்கு வந்த தோட்டத் தொழிலாளரை, கொலராவுக்கும் பிளேக்குக்கும் அஞ்சி, இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையிலேயே சில நாட்கள் மறித்து வைத்தது. கொலராவுக்கு ஐந்து நாள், பிளேக்குக்கு ஆறு நாள் என்ற கணக்குக்கு ஒரு நியாயமுண்டு. அந்த நாட்களுக்குள் நோய் தலைகாட்டாவிட்டால் ஆள் போகலாம்.

காசநோய் இந்தக் கணக்கில் அடங்காது. கமரான் இயங்கத் தொடங்கிய அதே 1882 இல், மார்ச் 24 அன்று, பேர்லினில் றொபேட் கொக் அதன் கிருமியை அறிவித்தார். கிருமி உட்புகுந்தவர்களில் ஐந்து முதல் பத்து வீதத்தினரே வாழ்நாளில் எப்போதாவது நோயாளியாகிறார்கள். அதுவும் சில மாதத்திலா, இருபது வருடத்திலா என்று சொல்ல முடியாது. எந்தத் தீவில், எத்தனை நாள் மறித்து வைப்பது? 1951 இன் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் ஆறு நோய்களைப் பட்டியலிட்டன. உலகில் அதிகம் பேரைக் கொன்ற நோய்களில் ஒன்றான காசம் அதில் இல்லை.

ஆனால் நாடுகள் தனித்தனியே வாசலை அடைத்தன. அமெரிக்கா 1907 இன் குடிவரவுச் சட்டத்தில் காசநோயாளரை உள்ளே விடக்கூடாதென்று எழுதியது. நியூயோர்க் துறைமுகத்தில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பினார்கள். அடித்தட்டில் வந்த ஏழைகள்தான் எலிஸ் தீவுக்கு இறக்கப்பட்டு வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். கிருமி வகுப்புப் பார்ப்பதில்லை, பரிசோதனை பார்த்தது.

றொன்ஜன் 1895 இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்திருந்தாலும், ஆயிரக்கணக்கானோரைப் படமெடுப்பது கட்டுப்படியாகவில்லை. 1936 இல் பிரேசிலிய வைத்தியர் மனுவேல் த அப்ரேயு, ஒளிரும் திரையில் விழும் நெஞ்சின் உருவைச் சிறிய படச்சுருளில் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். மலிவு, வேகம். அதன்பின் கடல் கடப்பவனின் நெஞ்சுப் படம் கடவுச்சீட்டின் இன்னொரு பக்கம் போலாயிற்று.

படத்துக்கு ஒரு குறையுண்டு. நிழலை அது காட்டும். நிழலின் வயதைச் சொல்லாது. ஆறிய தழும்பா, எரியும் புண்ணா என்பதைச் சளிதான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் நமக்கு அடுத்த கரையில் பெரிய காரியமொன்று நடந்தது. 1956 இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளரில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவர்களது நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959 இல் வெளிவந்த முடிவு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது: குறைந்த சாப்பாட்டோடு, வேலையும் செய்துகொண்டு வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குச் சுகமானார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழிருந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. ஒழுங்காக மருந்தெடுப்பவரைப் பிரித்து வைக்கத் தேவையில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. காக்காவைத் திருப்பியனுப்பியதற்கு இருபத்தைந்து வருடங்களுக்கு முன்.

ஆகாய விமானத்தின் கதை வேறு. 1994 இல் மருந்துக்கு அடங்காத காசத்தோடு ஒரு பெண் சிக்காகோவிலிருந்து ஹொனலுலுவுக்கு எட்டே முக்கால் மணித்தியாலம் பறந்தார். பின்னர் சோதித்தபோது, அவருக்கு இரு வரிசைக்குள் இருந்த 13 பேரில் 4 பேருக்குத் தோல் பரிசோதனை தொற்றைக் காட்டியது. அதே பகுதியின் மற்ற 55 பேரில் 2 பேருக்கு மட்டுமே. 1998 இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியொன்றை வெளியிட்டது. எட்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணமானால், நோயாளியின் வரிசையிலும் முன்னும் பின்னும் இவ்விரண்டு வரிசைகளிலும் இருந்தவர்களைத் தேட வேண்டும் என்பதே அந்த வழிகாட்டியில் நிலைத்த அளவு. தொற்றக்கூடிய நிலையில் உள்ளவர் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்றும் அது சொல்கிறது.

2007 மே மாதம் அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவர், மருந்துக்கு அடங்காத காசம் இருப்பது தெரிந்த நிலையில், திருமணத்துக்காக அட்லாண்டாவிலிருந்து பாரிசுக்குப் பறந்தார். பிறகு பிராக்கிலிருந்து மொன்றியலுக்கு வந்து, தரைவழியாக நாடு திரும்பினார். எல்லைக் காவலரின் கணினியில் எச்சரிக்கை இருந்தும், பார்க்கச் சுகதேகியாகத் தெரிந்ததால் விட்டுவிட்டார்கள். 1963 க்குப் பின் அமெரிக்க மத்திய அரசு பிறப்பித்த முதலாவது தனிமைப்படுத்தல் கட்டளை அவருக்குத்தான். இந்தச் செய்தியை நான் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

அதே வருடம்தான் அமெரிக்கா தன் குடிவரவாளர் பரிசோதனை விதிகளைத் திருத்தி, நிழல் தெரிந்தால் சளியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பார்க்கவும், நோயிருந்தால் கண்காணிப்பில் மருந்து கொடுத்துச் சுகமாக்கிய பின் அனுப்பவும் ஏற்பாடு செய்தது. வளைகுடாவிலோ பழைய தழும்பும் நெடுங்காலம் குற்றமாகவே எண்ணப்பட்டது. 2016 இல் ஐக்கிய அரபு அமீரகம் ஏற்கெனவே அங்கு வேலைசெய்வோருக்குச் சிகிச்சையளித்து இருக்கவிடும்படி விதியைத் தளர்த்தியது. புதிதாகப் போகிறவருக்கு அந்தத் தளர்வில்லை. ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டில்களில் படுக்கும் தொழிலாளர் விடுதிகளில் என்ன தொற்றுகிறது என்பதைப் புறப்படும்போது எடுத்த படம் காட்டாது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

காக்கா பிறகு எங்கும் போகவில்லை. சந்தையடியில் சில்லறைக் கடை வைத்து, காப்பை ஆறு வருடத்தில் மீட்டார். அவருக்குக் கசம் திரும்ப வரவேயில்லை. 2012 இல் அவருடைய மகன் கட்டாருக்குப் போக மெடிக்கல் எடுத்தபோது, காக்காவும் கூடவே கொழும்புக்குப் போய் வாசலில் காலையிலிருந்து அஸர் வரை நின்றிருக்கிறார். மகன் வெளியே வந்ததும் முதலில் கேட்டது வேலையைப் பற்றியல்ல.

"நிழல் ஏதும் சொன்னாங்களா மகன்?"