கராத்தே தரநிலைகளும் ஆசிரியர் தகுதியும்

கராத்தேயில் ஒருவர் கட்டியிருக்கும் பட்டை, அவர் சேர்ந்திருக்கும் சங்கம், கற்பிக்கும் தகுதி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. தேனி, போடிநாயக்கனூர், கம்பம் போன்ற ஊர்களில் பயிற்சி தருபவர் எவராயினும் 'மாஸ்டர்' என்றே அழைக்கப்படுவதால் இந்த வேறுபாடு பெற்றோரின் கண்ணில் படுவதில்லை. சிலம்பத்தில் இச்சிக்கல் அதிகம் இல்லை. வாத்தியார் யாரிடம் கம்பு பிடித்தார் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். அவருக்குத் தனிச் சான்று தேவைப்படவில்லை.

ஜப்பானின் பழைய போர்க்கலைப் பள்ளிகளும் ஏறத்தாழ இப்படித்தான் இயங்கின. வண்ணப் பட்டைகள் அங்கே கிடையாது. மாணவனின் தேர்ச்சிக்கேற்பக் குரு சுருள் ஏடுகளை வழங்கினார். அவற்றில் உயர்ந்தது 'மென்கியோ கைடென்', அதாவது கலை முழுவதும் கைமாறியதற்கான உரிமம். அதைப் பெற்றவர் கற்பிக்கலாம். தரமும் கற்பிக்கும் உரிமையும் ஒரே ஏட்டில் அடங்கியிருந்தன.

இதை மாற்றியவர் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ. 1882இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய அவர், 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில் வழங்கிவந்த 'டான்' படிநிலையைத் தம் கலைக்குக் கொண்டுவந்தார். 1883இல் இரு மாணவர்கள் முதல் டான் பெற்றனர். ஒகினாவாவிலிருந்து வந்த ஃபுனாகோஷி கிச்சின் 1924இல் இம்முறையைக் கராத்தேயில் புகுத்தினார். முதல் டானின் பெயரான 'ஷோடான்' தொடக்கப் படி என்றே பொருள்படும். கறுப்புப் பட்டை கிடைத்ததும் படிப்பு முடிந்ததாகக் கொண்டாடுவது ஜப்பானியருக்கு வியப்பாகவே இருக்கும்.

டான் வேறு, ஆசிரியப் பட்டம் வேறு. 1895இல் கியோட்டோவில் அமைந்த 'டாய் நிப்பான் புடோகு காய்' என்ற அமைப்பு ரென்ஷி, கியோஷி, ஹான்ஷி என்னும் பட்டங்களைத் தனியாக அளித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வமைப்பு கலைக்கப்பட்டது. கராத்தேப் பிரிவுகள் தத்தம் சங்கங்களை அமைத்துக்கொண்டு தாமே தரம் வழங்கின. 1949இல் தோன்றிய ஜப்பான் கராத்தே சங்கத்தில் இன்றும் பயிற்றுநர், தேர்வாளர், நடுவர் ஆகியோருக்குத் தனித்தனி உரிமங்கள் உண்டு. ஐந்தாம் டான் பெற்றவர் என்பதற்காகவே ஒருவர் பட்டைத் தேர்வு நடத்திவிட முடியாது.

டான் சான்று அதைத் தந்த அமைப்புக்கு உள்ளேதான் செல்லும். அமைப்பு உடைந்தால் சான்றின் மதிப்பும் கேள்விக்குள்ளாகும். கியோகுஷின் கராத்தேயின் நிறுவனர் ஓயாமா மசுதாட்சு 1994இல் இறந்தபின் அவரது அமைப்பு பல குழுக்களாகப் பிரிந்தது. இந்தியாவிலும் சங்கப் பூசல் உண்டு. 2020இல் உலக கராத்தே கூட்டமைப்பு இந்திய கராத்தே சங்கத்தின் உறுப்புரிமையைத் தற்காலிகமாக நீக்கியது. பின்னர் வேறொரு அமைப்பு அந்த இடத்துக்கு வந்தது. தலைமையிடங்களில் நடக்கும் இத்தகைய மாற்றம் கம்பம் பள்ளத்தாக்கின் மாணவரையும் எட்டும். ஆண்டுக்கணக்கில் தேர்வுக் கட்டணம் கட்டிப் பெற்ற பட்டை இடுப்பில் இருக்கும்; தேசியப் போட்டிக்குச் செல்லும் வழி மட்டும் அவர் சங்கத்தின் வசம் இராது.

அரசுப் பள்ளி மாணவியருக்கான தற்காப்புப் பயிற்சியும் வந்துவிட்டதால், யார் தகுதியான பயிற்றுநர் என்ற கேள்வி தலைமையாசிரியர்களின் மேசைக்கும் வந்துள்ளது. பட்டையின் நிறம் அதற்கு விடை தராது. சான்றில் எந்த அமைப்பின் பெயர் உள்ளது, அதன் பதிவேட்டில் அந்த எண் இருக்கிறதா, கற்பிக்கும் உரிமம் தனியாக உண்டா என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். சிலம்பமும் இப்போது இதே பாதைக்கு வந்துள்ளது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஊரறிந்த வாத்தியாரிடம் கற்றாலும், போட்டிக்குப் போகும் பிள்ளைக்குச் சங்கத்தின் சான்று தேவைப்படுகிறது.